கஸ்தூரிக்கு வெந்நீர்

வனிதா, நேற்று நீ போனை வைத்த பிறகு நான் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். "நிறுத்திட்டியாம்மா? வளைகாப்புக்கு நாள் குறிக்கணும், அத்தை கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றாய். "அப்புறம் சொல்றேன் கண்ணு" என்றேன். திரும்பக் கூப்பிட்டுப் பேசலாம் என்றுதான் இருந்தது. கூப்பிட்டால் நீ அழுவாய், நீ அழுதால் நான் "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிடுவேன், சொல்லிவிட்டு நாலு நாள் சோறு இறங்காமல் கிடப்பேன். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது குறுக்கே யாரும் அழ முடியாது. இதைப் படித்துவிட்டு பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைக்காதே. மாப்பிள்ளையும் படிக்கட்டும், உன் மாமியாரும் படிக்கட்டும், அவர் கண்ணாடி கிடைக்கவில்லை என்றால் நீயே பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டு. எனக்கு முட்டி வலி, கழுத்து வலி, தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறொன்று என்று பேச இப்போது தெம்பு இல்லை.

போன மாதம் உன் மாமியார் முதலில் பேசினபோது கோபமாகப் பேசவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். "சம்பந்தி, ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு அனுப்பி வெக்கிறோம். தலைப்பிரசவம் அம்மா வீட்லதான், அதுல எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா அந்தப் புத்து நோய் பாக்கிற நர்சு பொம்பளை சாவு வீட்ல இருந்து நேரா வந்து உங்க வீட்லதான் தலை முழுகுதாமே? வயித்துப் புள்ளக்காரி இருக்கிற வீட்ல அது ஆகுங்களா? அத நிறுத்திட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க, அனுப்புறோம்." நிறுத்தாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவளுக்கு அதை வாய் விட்டுச் சொல்லித்தான் புரிய வேண்டுமா? அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் வளர்ந்த வீடு அப்படி, நான் வளர்ந்த வீடும் அப்படித்தான். வருத்தம் வந்தது அதற்கப்புறம் நீ பேசினபோது. "கொஞ்ச நாள்தானேம்மா, வேற எங்கியாச்சும் குளிச்சுக்கச் சொல்லேன்" என்றாய். பக்கத்து வீட்டுக்காரரிடம் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லு என்கிற மாதிரி அவ்வளவு லேசாகச் சொன்னாய். நானும் "சரி" என்றுவிட்டேன்.

கஸ்தூரியை உனக்குத் தெரியும். ஆனால் அப்பா படுத்திருந்தபோது வந்து போன நர்ஸ் என்ற அளவில்தான் தெரியும். நீ அப்போது சேலத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய், அவள் வருகிற நாளில் நீ இருக்க மாட்டாய், நீ வருகிற நாளில் அவள் வேறு ஊரில் இருப்பாள். அவளுடைய வேலை என்ன என்று உன் மாமியாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுகிறார்களே, அப்படி அனுப்பப்பட்ட புற்றுநோய்க்காரர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது. ஒரு பழைய ஜீப், அதை ஓட்ட முனிராஜ், வாரத்தில் ஒரு நாள் பெங்களூரிலிருந்து வந்து போகிற ஒரு டாக்டர். மீதி எல்லாம் கஸ்தூரி. காலையில் சிப்காட் பக்கம் லைன் வீட்டில் ஒருவர், மத்தியானம் கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் ரோஜாத் தோட்டத்தில் ஒருவர், அங்கிருந்து ராயக்கோட்டை, சில நாள் அஞ்செட்டி மலைக்குள்ளே பஸ்கூடப் போகாத ஊர். போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுவாள், படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் போடுவாள், மூக்கில் போட்ட டியூபை மாற்றுவாள், வலி மாத்திரையை எண்ணிக் கொடுத்து எப்போது எப்படிக் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்குப் பாடம் நடத்துவாள். "பழக்கமாயிடும்னு சொல்லி மாத்திரைய ஒளிச்சு வெக்காதீங்க. வலிக்கிறவங்களுக்கு அது சோறு மாதிரி. நேரத்துக்குக் குடுங்க" என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பாள்!

அவள் திண்டுக்கல்காரி. தமிழைத் தவிர ஒன்றும் வராது. இந்த ஓசூர்ப் பக்கம் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு நோயாளியிடம் என்ன பேசுவது? பாதிப் பேருக்குத் தெலுங்கு, பாதிப் பேருக்குக் கன்னடம். நல்லா இருக்கும்போது எல்லோரும் எல்லாம் பேசுவார்கள். வலி வந்தால் வீட்டுப் பாஷைதான் வாயில் வரும். அதனால் தையல் வேலை குறைவாக இருக்கிற நாளில் நானும் ஜீப்பில் ஏறிப் போவேன். அவர்கள் சொல்வதை இவளுக்குச் சொல்வேன், இவள் சொல்வதை அவர்களுக்குச் சொல்வேன். எனக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது, புண்ணைப் பார்த்தால் இன்னும் தலை சுற்றும். முனிராஜ் கிண்டல் பண்ணுவான்: "அம்மா ஊசியப் பாத்தாலே ஓடுவாங்க, வாய் மட்டும் மூணு பாஷை."

அப்படிப் போன வீட்டில் ஒன்று ராயக்கோட்டைப் பக்கம் எல்லம்மாவின் வீடு. தக்காளி போடுகிற குடும்பம். மார்பில் வந்த கட்டி வெடித்துப் புண்ணாகி, நாங்கள் முதலில் போனபோது வாசலிலேயே வாடை அடித்தது. அவள் புருஷன் நாராயணப்பா மாட்டுக் கொட்டகைப் பக்கமே உட்கார்ந்திருப்பார். சாப்பாடு அங்கே, படுக்கை அங்கே. உள்ளே வரச் சொன்னால் வேலை இருக்கிறது என்பார். கெட்ட மனிதர் இல்லை, அந்த வாடை தாங்க முடியாமல் ஓடிப்போனவர், ஓடிப்போனதில் அவருக்கே அவமானம். கஸ்தூரி அவரை ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. ஒரு மாத்திரையைப் பொடியாக்கிப் புண்ணின் மேல் தூவிக் கட்டினாள். வாடையை அது அடக்குமாம். தினமும் அப்படியே செய்ய எல்லம்மாவின் மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அடுத்த தடவை நாங்கள் போனபோது நாராயணப்பா உள்ளே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டே பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எல்லம்மா தெலுங்கில் என்னிடம் சொன்னாள்: "இந்த மனுசன் வெளியிலயே கெடந்திருந்தா நான் நிம்மதியா போய்ச் சேர்ந்திருப்பேன். உங்க சிஸ்டர் உள்ள கொண்டாந்து விட்டுட்டா பாரு." நான் அதைக் கஸ்தூரிக்குத் தமிழில் சொன்னேன். அன்றைக்கு ஜீப்பில் வீடு வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

எல்லா நாளும் சிரிப்பாக இருக்காது. அவள் பார்க்கிற யாரும் பிழைக்கப் போவதில்லை, அது அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் பெரும்பாலும் தெரியும். சாவு நெருங்கினால் வீட்டுக்காரர்கள் முதலில் அவளுக்குத்தான் போன் போடுவார்கள். உயிர் போன பிறகு டியூபை எடுத்து, புண்ணைக் கட்டி, உடம்பைத் துடைத்து, பார்க்கிற மாதிரி வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். அப்புறம் அவள் எங்கே போவாள், சொல்? அவள் இருப்பது லைன் வீடு. வரிசையாகக் குடித்தனம், எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாத்ரூம். சாவுக்குப் போய்விட்டு வந்து அதில் தலை முழுகினால் மற்ற வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். முழுகாமல் உள்ளே போனால் மாமியார் வாசலில் நிறுத்துகிறார், குழந்தைகள் இரண்டும் எட்டி நின்று "அம்மா, குளிச்சியா?" என்று கேட்கின்றன. வீட்டு ஓனர் ஒரு நாள், இந்த வேலை என்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றே சொல்லிவிட்டார். அவள் வீட்டுக்காரர் கம்பெனியில் ஷிப்ட். நல்லவர், ஆனால் வாய் திறக்க மாட்டார். நம் வீட்டுக்கு அவள் வருவது இதனால்தான். ஒவ்வொரு நாளும் இல்லை, சாவு விழுந்த நாளில் மட்டும்.

வந்தால் என்ன நடக்கிறது? ஒன்றும் பெரிசாக நடப்பதில்லை. முனிராஜ் முன்னாலேயே போனில் சொல்லிவிடுவான், வந்ததும் தெருமுனையில் ஒரு ஹாரன் அடிப்பான். அவள் சந்து வழியாகப் பின்பக்கம் வருவாள். கம்பெனியில் பெட்டி உடைத்து விற்கிற பேக்கிங் கட்டை இருக்கிறதே, அதைப் போட்டு நான் அடுப்பை மூட்டி அண்டாவில் தண்ணீர் காய வைத்திருப்பேன். தட்டிக்குப் பின்னால் அவள் ஊற்றிக்கொள்வாள், நான் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் விழுகிற சத்தத்திலேயே எனக்குக் கொஞ்சம் தெரிந்துவிடும். வயதானவர் யாராவது என்றால் மளமளவென்று ஊற்றுவாள். சின்ன வயசுக்காரர் என்றால் ஒரு சொம்புக்கும் அடுத்த சொம்புக்கும் நடுவே ரொம்ப நேரம் சத்தமே இருக்காது. நான் ஒன்றும் கேட்க மாட்டேன். இதை நீ கற்றுக்கொள் வனிதா, வாழ்க்கைக்கு ஆகும்: உழைத்துக் களைத்து வருகிறவர்களிடம் வாசலிலேயே வைத்து "எப்படி இருந்துச்சு, என்ன ஆச்சு" என்று பிடுங்காதே. முதலில் தண்ணீர் கொடு, அப்புறம் சோறு போடு. சொல்ல வேண்டும் என்றால் அவர்களே சொல்வார்கள். உன் அப்பா முதல் ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் நான் கதவிலேயே கேள்வி கேட்பேன், பாவம் அந்த மனிதர் பதில் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார்.

குளித்து முடித்து, உன் பீரோவில் கீழ்த் தட்டில் வைத்திருக்கிற மாற்றுப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். களியோ ரசமோ, பனிக்காலம் என்றால் பிதுக்கம்பருப்புக் குழம்போ, இருப்பதைப் போடுவேன். டிவி சீரியலில் வருகிற மாமியாரைத் திட்டுவாள், அவள் வீட்டு மாமியாரைத் திட்ட மாட்டாள். ஒரே ஒரு நாள்தான் உடைந்து அழுதாள். அதுவும் எதற்கு? ரவிக்கைக் கொக்கி ஒன்று பிய்ந்து வந்துவிட்டது, அதற்கு. கொக்கி போனதற்கா அழுவாங்க என்று நானும் கேட்கவில்லை, ஊசி நூலை எடுத்துக்கொண்டு வந்து தைத்துக் கொடுத்தேன். தைத்து முடிக்கும் வரைக்கும் அழுதாள்.

ஊரில் அவளை எல்லோரும் தெய்வம் என்கிறார்கள். போகிற வீட்டில் எல்லாம் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சலாக வருகிறது. தெய்வம் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பசிக்காது, கால் வலிக்காது, குளிக்க இடம் வேண்டாம். கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம், வசதிதானே. அவளுக்குக் கும்பிடு வேண்டாம் கண்ணு, ஒரு அண்டா வெந்நீர் வேண்டும்.

இப்போது நீ என்னைப் பார்த்து, இவ்வளவு பேசுகிற அம்மா அன்றைக்கு ஏன் "சரி" என்று சொன்னாள் என்று கேட்பாய். சொல்கிறேன். எனக்கும் அலுத்துப் போயிருந்தது. ஹாரன் சத்தம் கேட்டாலே யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். எத்தனை நாள்தான் அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடுவது? பெண் வரப் போகிறாள், பேரக் குழந்தை வரப் போகிறது, கொஞ்ச நாள் இந்த வீட்டில் சாவுப் பேச்சு இல்லாமல் இருக்கட்டும் என்று எனக்கே ஆசை வந்தது. உன் மாமியார் ஒரு சாக்கு கொடுத்தார், நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அதுதான் நிஜம்.

கஸ்தூரியிடம் நான் நேராகச் சொல்லவில்லை. நம் வீட்டிலிருந்து கொண்டு போன தூக்குச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். "வனிதா பிரசவத்துக்கு வர்றா" என்றேன். "அய்யோ, நல்ல சேதிக்கா! எத்தன மாசம்? ஒழுங்கா சாப்பிடுறாளா?" என்று குதித்தாள். நான் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை. "அவ மாமியார் வீட்ல கொஞ்சம் பாப்பாங்க..." என்று இழுத்தேன். அவள் என் மூஞ்சியைப் பார்த்தாள். அவ்வளவுதான். "சரிக்கா, புரியுது. இதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க? நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, உன் பீரோவைத் திறந்து அவளுடைய புடவையை எடுத்து மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாள். எனக்கு அப்போதும் அப்பாடா என்றுதான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அதற்கப்புறம் ஹாரன் அடிக்கவில்லை. அவள் எங்கே குளிக்கிறாள் என்று நானும் விசாரிக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் கேட்டுக்கு வெளியே யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. பார்த்தால் நாராயணப்பா. ராயக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். கையில் காலி மாத்திரை டப்பா. அவசரம் என்றால் இந்த வீட்டில் வந்து கேளுங்கள் என்று கஸ்தூரி எப்போதோ அடையாளம் சொல்லி வைத்திருந்தாளாம். தெலுங்கில் சொன்னார்: "சிஸ்டர் வரல. போன் அடிச்சா எடுக்கல. நேத்தோட மாத்திரை தீந்துபோச்சு. அவ கத்துறாம்மா. ஊரே கேக்குது." அந்த மனிதரின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து அவரையும் கூட்டிக்கொண்டு லைன் வீட்டுக்கு ஓடினேன்.

கஸ்தூரி போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். நெருப்பாகக் கொதித்தது. போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து மூலையில் கிடந்தது. நாராயணப்பாவை வாசலில் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள், டப்பாவைப் பார்த்தாள், தலையை முடிந்துகொண்டாள். அவள் மாமியார் குறுக்கே நின்று, "இந்தக் காச்சலோட எங்கடி போற? உனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது, ஞாபகம் இருக்கா?" என்று கத்தினார். கத்தியதில் தப்பே இல்லை. "போய்ட்டு வந்துடுறேன் அத்த" என்று சொல்லிவிட்டு முனிராஜைக் கூப்பிடச் சொன்னாள். ஆபீசில் பூட்டி வைத்திருக்கிற மாத்திரையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அவள் முன் சீட்டில் நடுங்கிக்கொண்டு வந்தாள். நான் பின்னால் நாராயணப்பாவோடு உட்கார்ந்திருந்தேன்.

எல்லம்மாவின் சத்தம் ஜீப் நிற்கும் முன்பே கேட்டது. அதை எழுத மாட்டேன், நீ வயிற்றில் குழந்தையோடு இருக்கிறவள். கஸ்தூரி உள்ளே போய் மருந்தைக் கரைத்து வாயில் கொடுத்தாள், நனைந்து ஊறிப் போயிருந்த கட்டைப் பிரித்து மாற்றினாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் முனகலாகி, முனகல் மூச்சாகி அடங்கிய பிறகு எல்லம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "ஏன் வரலைன்னு கேளு" என்று தெலுங்கில் சொன்னாள். நான் கஸ்தூரியிடம், "ஏன் வரலைன்னு கேக்குறா" என்றேன். கஸ்தூரி நிமிரவே இல்லை. "காய்ச்சல்னு சொல்லுங்கக்கா" என்றாள். நான் தெலுங்கில், "காய்ச்சல்" என்றேன். அவள் சொன்னதை அப்படியே மாற்றிச் சொல்வதுதானே என் வேலை, சொன்னேன். சொன்ன வாய் அப்போதே வெந்து போயிருக்கலாம்.

வெளியே வந்ததும் முனிராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அவனுக்கு என் மேல் கோபம், அதைக் காட்டவும் தெரியவில்லை. "அணைக்கு அந்தாண்ட போன வாரம் ஒரு சாவும்மா. திரும்பி வரும்போது வாய்க்கால் கிட்ட வண்டிய நிறுத்தச் சொன்னாங்க. மார்கழிக் குளிரு, உங்களுக்கே தெரியும். புடவையோட முழுகிட்டு, ஜீப்புக்குப் பின்னால நின்னு மாத்திக்கிட்டாங்க. நான் ரோட்டப் பாத்துத் திரும்பி நின்னேன். எங்க அக்கா மாதிரிம்மா அவங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. 'அந்த அம்மா வீட்டுக்குப் போலாம் வாங்க'ன்னேன். 'வேணாம் முனிராஜ், பாப்பா வர்ற வீடு'ன்னுட்டாங்க." நீ லேசாகச் சொன்ன அந்த "வேற எங்கியாச்சும்" அந்த வாய்க்கால்தான் வனிதா. அதை நீ மட்டும் சொல்லவில்லை, உன் வார்த்தையை நான்தான் கொண்டு போய்ச் சேர்த்தேன்.

திரும்பி வரும் வழியில் நான் அவளிடம், "இனிமே நம்ம வீட்டுக்கே வா. புடவையக் கொண்டாந்து பழைய எடத்துலயே வை" என்றேன். "வனிதா வர்றப்ப வேணாம்க்கா. அவங்க வீட்ல ஏதாச்சும் சொல்லப் போறாங்க" என்றாள். "அவளுக்கு நான் சொல்லிக்கறேன்" என்றேன். ரொம்ப தைரியமாகச் சொன்னேன், சொல்லி இத்தனை நாள் ஆகிறது, இப்போதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். போன வாரம் எல்லம்மா போய்விட்டாள். கத்தாமல், நாராயணப்பா பக்கத்தில் இருக்கும்போது போனாள். சாயங்காலம் தெருமுனையில் ஹாரன் கேட்டது. தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதனால் நீ நேற்றுக் கேட்டதற்கு என் பதில், நான் நிறுத்தவில்லை.

நிறுத்த முடியாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை இத்தனை நாளும் உன்னிடம் சொல்லாததற்கும் காரணம் உன் அப்பாதான். கன்னத்தில் வந்த அந்தப் புண் கடைசியில் என்ன ஆனது என்று உனக்குத் தெரியாது. நீ ஹாஸ்டலிலிருந்து வரும்போதெல்லாம் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்திருப்பாரே, குளிருது என்பாரே, அது குளிருக்கு இல்லை. "பொண்ணு இந்த மூஞ்சியப் பாக்கக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவர் போன அன்றைக்கு நீ பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாய். குளிப்பாட்ட வந்த பங்காளிகள் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு வாசலோடு நின்றுவிட்டார்கள். யாரும் கிட்டே வரவில்லை. கஸ்தூரிக்கு அவளுடைய வேலை முடிந்துவிட்டது, அவள் போயிருக்கலாம். போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவள்தான் உன் அப்பாவைக் கழுவினாள். புண்ணை அடைத்து, பஞ்சு வைத்து, தோல் நிறத்திலேயே பிளாஸ்திரி ஒட்டி, சவரம் பண்ணி, தலை வாரி, நெற்றியில் திருநீறு பூசி வைத்தாள். நீ வந்து பார்த்துவிட்டு என்ன சொன்னாய்? "அப்பா தூங்குற மாதிரியே இருக்காரும்மா" என்று சொல்லி அவர் கன்னத்தின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாயே. எந்தக் கன்னம் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அன்றைக்கு வெளியே வந்த கஸ்தூரி கொல்லையில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள். "அக்கா, இப்படியே போனா வீட்ல உள்ள விட மாட்டாங்க" என்றாள். நான் அடுப்பை மூட்டினேன். பொணம் எடுக்கிற வரைக்கும் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? உன் பெரிய அத்தை கொல்லைப் பக்கம் வந்து கத்தினாளே, ஞாபகம் இருக்கிறதா? "அண்ணன உள்ள வெச்சிக்கிட்டு எவளாச்சும் அடுப்பு பத்த வெப்பாளா? உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று. நீயும் அழுது வீங்கின கண்ணோடு என்னை ஒரு மாதிரி பார்த்தாய். நான் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தேன். நம் வீட்டில் கஸ்தூரி முதல் தடவை குளித்தது அன்றைக்குத்தான். அவள் கழுவிக்கொண்டு போன தீட்டு உன் அப்பாவுடையது. இதை உன் மாமியாரிடம் இரண்டு தடவை படித்துக் காட்டு.

நீ வா, கண்ணு. வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று எழுதினால் இந்தக் காகிதம் நனைந்துவிடும். முன் அறையை உனக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன், ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துவிட்டேன். கஸ்தூரி பின்பக்கம் வந்து பின்பக்கமே போவாள், உன் நிழலைக்கூட மிதிக்க மாட்டாள். ஆனால் வருவாள். அது ஆகாது என்று அவர்கள் சொன்னால் நீ அவர்களோடு சண்டை போடாதே, வாழ்கிற வீட்டில் எனக்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அங்கேயே பெற்றுக்கொள். வலி எடுத்தது என்று ஒரு மிஸ்டு கால் கொடு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து வருகிறேன். உனக்குப் பத்தியம் சமைத்துப் போடுகிறேன், குழந்தையைக் குளிப்பாட்டித் தருகிறேன், உன் மாமியார் சொல்கிற மூலையில் படுத்துக்கொள்கிறேன். அப்புறம் முனிராஜ் போன் அடித்தால், குழந்தையை உன் மடியில் கொடுத்துவிட்டு ஓசூர் பஸ் ஏறிவிடுவேன். வழி முழுக்க அழுவேன், ஆனால் வந்துவிடுவேன்.

அம்மா